மூடி கழற்றிய பிக்கப்

வாங்க சார், உள்ள வாங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டும். கயத்தாறுலருந்து பைக்லயா வந்தீங்க? வெயிலுக்கு நல்லா அலுப்பாருக்கும், ஃபேனுக்கு நேர உக்காருங்க. கிட்டாரு இந்தா கட்டில்ல இருக்கு. எடுத்துப் பாருங்க, ஆனா வாங்குறதப் பத்தி இப்பப் பேச வேண்டாம். மொதல்ல நான் சொல்லுதத முழுசாக் கேட்டுருங்க. கேக்காம வாங்கிட்டுப் போயி, நாளைக்கு யாராவது ‘ஆசீர் கிட்டாரா, அது கீச்சுக் கிட்டாருல்லா’ன்னு சொன்னா, நீங்க என்னத் தப்பா நெனச்சிரக் கூடாது.

கொஞ்சம் சத்தமாப் பேசுங்க சார், ஃபேன் எரைச்சல். யாருக்கு? மகளுக்கா? காலேஜ்ல படிக்குதாளா? நல்லது. பொம்பளப் பிள்ளைங்க கிட்டார் வாசிக்கணும் சார். நான் என் மக பிரிசில்லாவுக்குச் சொல்லிக் குடுக்கணும்னு எவ்வளவோ பாத்தேன். அவளுக்குப் பொறுமை கெடையாது. இப்பவும் அப்படித்தான். எங்கிட்டப் பேசும்போது வார்த்தைய முழுங்கி முழுங்கிப் பேசுவா. என்னதுன்னு ரெண்டாந்தடவ கேட்டா, ‘ஒண்ணுமில்லப்பா’ன்னு போயிருவா. பேரனும் அப்படித்தான் பேசுதான். இங்கிலீஷ் மீடியத்துல போட்டா நாக்கு வளையாது, அதான் காரணம்.

சரி, கிட்டாருக்கு வாரேன். இந்தக் கம்பிக்குக் கீழ ரெண்டு பெட்டி மாதிரி இருக்கு பாருங்க. இதுதான் பிக்கப். உள்ள காந்தம், காந்தத்தச் சுத்தித் தலைமுடி மாதிரி செம்புக் கம்பி ஆயிரக்கணக்குல சுத்தியிருக்கும். மேல கம்பி அதிர்றத இதுதான் பிடிச்சு ஸ்பீக்கருக்கு அனுப்பும். கிட்டாருக்கு நாக்குன்னு வச்சுக்கிடுங்களேன். இந்த நாக்குக்கு மேல வெள்ளி மாதிரி ஒரு மூடி இருக்கும். இப்ப இல்ல. நாந்தான் கழத்திட்டேன். கழத்துனதுலதான் எல்லா வம்பும் வந்துச்சுன்னு எல்லாரும் சொல்லுதாங்க. கழத்துறதுக்கு முன்னாடியே வம்பு இருந்துச்சுன்னு நான் சொல்லுதேன். அதான் சார் வித்தியாசம்.

இத நான் தூத்துக்குடியில ஒரு ஓட்டல்ல வாசிச்சிட்டு இருந்தவர்ட்ட வாங்குனேன். அப்ப எனக்குக் கல்யாணம் ஆகல. என்ன சத்தம் சார் அது. வெண்கலத் தட்டுல ஊசி விழுந்த மாதிரி இருக்கும். மேக்கம்பியில ஒரு தட்டு தட்டுனா கோயில் கடைசிப் பெஞ்சுல உக்காந்திருக்கவன் நிமிர்ந்து பாப்பான். ஞாயித்துக்கெழம ஆராதனை, கிறிஸ்துமஸ் பாட்டு, சொந்தக்காரங்க கல்யாண ரிசப்ஷன், எல்லாத்துக்கும் இதுதான். வார நாள்ல மில்லு.

மில்லுன்னா ஸ்பின்னிங். பஞ்சுலருந்து நூல் நூக்குத எடம். நான் அங்கதான் வேலைக்குச் சேந்தேன், அங்கயே ரிட்டயர் ஆனேன். அத்தன மிஷின் ஒண்ணா ஓடும்போது, நடந்து போயிட்டே எந்த மிஷின்ல பேரிங் போயிருக்குன்னு காதால சொல்லிருவேன். ஃபோர்மேன் என்னக் கூட்டிட்டுப் போயிக் கேப்பாரு. பஞ்ச உருட்டிக் காதுல வச்சுக்கிடுங்கலேன்னு எல்லாருக்கும் சொல்லுவாரு. மத்தவன்லாம் வைப்பான். நான் வைக்க மாட்டேன். வச்சா மிஷின் பேசுறது எப்படிக் கேக்கும்? என் காதுக்கு அவ்வளவு மரியாதை இருந்துச்சு சார் அங்க. இத எதுக்குச் சொல்லுதேன்னா, காது தெரியாத ஆளு பேசுத பேச்சு இல்ல இதுன்னு உங்களுக்குத் தெரியணும்.

ரிட்டயர் ஆகி வீட்ல உக்காந்த பெறகுதான் கவனிச்சேன். கிட்டாருல சத்தம் மங்கிப் போச்சு. கம்பளிக்குள்ள வச்சு வாசிக்க மாதிரி. மேக்கம்பியத் தட்டுனா ‘டங்’குன்னு வராம ‘தும்’முன்னு வருது. புதுக் கம்பி மாட்டுனேன். அதே ‘தும்’மு. வேற ப்ராண்டு கம்பி மாட்டுனேன். அதுவும் அப்படித்தான். இப்ப வார சாமான் எதுலயும் தரம் இல்ல சார். எங்க வீட்டுக் குக்கரு புதுசு, விசிலே ஒழுங்கா வராது. நான் ஹாலுல உக்காந்திருப்பேன், திடீர்னு ரூபி அடுக்களைக்கு ஓடுவா, விசில் வந்துட்டும்பா. எங்க வந்துச்சு? ராத்திரி சில்வண்டு கத்துறது கூட இப்பக் கெடையாது. வயக்காட்டுல மருந்தடிச்சு மருந்தடிச்சு எல்லாத்தையும் கொன்னுட்டாங்க.

ரூபி என் வீட்டுக்காரி. இப்ப காப்பி போடுதா, வருவா.

எனக்கு ஒரு ஃப்ரண்டு உண்டு. உண்டுன்னா, இருந்தான். ஜெபசிங்னு பேரு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை பாத்தவன். கோயில்ல மைக்செட்டு, சத்தத்தக் கூட்டிக் கொறைக்குத மிக்ஸரு எல்லாம் அவன் பொறுப்பு. சின்ன வயசுலருந்து ஒண்ணா இருக்கோம். என் கல்யாணத்துல மாப்பிள்ளத் தோழன் அவன். சால்டரிங், அதான் ஈயத்த உருக்கி வயர ஒட்டுத வேலையின்னா அவன் கைதான். பொட்டு மாதிரி வைப்பான், சிந்தாது, சிதறாது. அவன்ட்ட கிட்டாரக் கொண்டு போயிக் காட்டுனேன். மாட்டிக் கேட்டான். ‘நல்லாத்தான இருக்கு’ன்னான். என்னலே நல்லாருக்கு, காதுல பஞ்சு வச்சிருக்கியான்னு கேட்டேன். அவன் என் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தான்.

நான் அதுக்குள்ள யூடியூப்புல எல்லாம் பாத்து வச்சிருந்தேன். இந்த மூடி இருக்குல்லா, அது பித்தளையில செஞ்சு மேல முலாம் பூசுனது. கனமான பித்தள மூடி மேல இருந்தா கூர்மையான சத்தத்த உறிஞ்சிரும். அமெரிக்காவுல ஒருத்தன் மூடியோட ஒரு தடவ, மூடி இல்லாம ஒரு தடவ வாசிச்சுக் காட்டுதான். கீழ ஆயிரம் பேரு கமெண்டு போட்டு அடிச்சுக்கிடுதான், வித்தியாசம் இருக்கு, இல்லன்னு. நான் உடனே முடிவு பண்ணிட்டேன், மூடிதான் குத்தவாளின்னு. ஜெபசிங்தான் பின்னாடி ரெண்டு எடத்துல சால்டர உருக்கி மூடியக் கழத்துனான். வேண்டாம்லே, எரைச்சல் வரும்னு சொல்லிக்கிட்டேதான் கழத்துனான்.

நான் கண்ண மூடிட்டுப் போயி ஏமாறுத ஆளு இல்ல சார். ஒழுங்கா ஒப்பிட்டுப் பாக்கணும்னு ஏற்பாடு பண்ணுனேன். ஆம்பு, அதான் ஸ்பீக்கர் பெட்டி, வைக்கிற எடத்துல தரையில சாக்பீஸ் கோடு. அதே கம்பி, அதே பாட்டு, அதே வால்யூம். ரூபிய சுவத்தப் பாத்து உக்கார வச்சேன், எது எதுன்னு பாக்கக் கூடாதுல்லா. அடுப்புல ஒல கொதிக்குதுன்னு அவ மொனங்கிட்டே இருந்தா. கழத்துன மூடியத் திரும்ப மேல வச்சு வாசிச்சேன். மூடி இல்லாம வாசிச்சேன். எதுமா நல்லாருக்குன்னு கேட்டா, மொதல்ல வாசிச்சது பரவால்ல, ரெண்டாவது பல்லு கூசுதுன்னா. எனக்கு ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருந்துச்சு, ரெண்டாவது ஒரு துளி மேல். அவளுக்கு என்ன தெரியும்னு விட்டுட்டேன். கூட இருந்த ஜெபசிங்கும் அதே சொன்னான். அவளும் அவனும் பேசி வச்சமாதிரி ஒரே வார்த்தை சொன்னது எனக்கு அப்பவே பிடிக்கல.

மூடியக் கழத்தியும் பத்தலன்னா, வேற மூடி போட்டுப் பாக்கலாம்னு தோணுச்சு. சென்னையில பார்ட்ஸ் விக்கிறவன்ட்ட சொல்லி ஜெர்மன் சில்வர்ல மெல்லிசா ஒரு மூடி வரவழச்சேன். அந்த மூடி சத்தத்த உறிஞ்சாதாம். அதப் போட்டுக் கேட்டேன். பித்தள மூடி, மெல்லிசு மூடி, மூடியில்லாதது, பெறகு பிளாஸ்டிக் மூடி. மாத்தி மாத்தி மாட்டுனோம். எல்லாம் ‘தும்’முதான். காந்தத்த மாத்துனோம், சக்தி கூடுன காந்தம். பிக்கப்ப ஸ்குரூ திருகி மேல தூக்குனோம், கம்பியில முட்டுத அளவுக்கு. உள்ள இருக்க வால்யூம் கண்ட்ரோல மாத்துனா மேல்சத்தம், அந்தக் கூர்மை, கூடும்னான் யூடியூப்புல, அதையும் மாத்துனோம். ஒவ்வொண்ணு மாத்தும்போதும் ஜெபசிங் காதுகிட்ட கையக் கொண்டு போவான். போதும்லேம்பான். எனக்கு ஆரம்பிக்கவே இல்லியேன்னு இருக்கும்.

அந்த நேரத்துல கோயில்ல பேச ஆரம்பிச்சாங்க. பாடகர் குழுவுக்கு மாஸ்டர் இம்மானுவேல் சார். நல்ல மனுசன்தான், ஸ்கூல்ல கணக்கு வாத்தியாரா இருந்தவரு. ஒரு நாள் பிராக்டிஸ் முடிஞ்சு, ஆசீர், கொஞ்சம் மட்டுப்படுத்துங்களேன், பொம்பளைங்க குரல் கேக்க மாட்டேங்குன்னாரு. அவங்க குரல் எனக்கும்தான் கேக்க மாட்டேங்குன்னு நான் சொன்னேன். உண்மையத்தான் சொன்னேன். இப்ப உள்ள பிள்ளைங்க வாயத் தெறந்து பாடுறதில்ல, ‘ஸ்தோத்திரம்’னு சொன்னா மொத எழுத்தே வெளிய வராது. அவரு ஒரு மாதிரியாப் பாத்தாரு. பெறகு ரெண்டு வாரம் கழிச்சுக் கூப்பிட்டுச் சொன்னாரு, குழுவுல எல்லாரும் சொல்லுதாங்க, சத்தம் ஊசி மாதிரி குத்துது, இப்படியே இருந்தா அசனத்துக்குக் கிட்டார் இல்லாமத்தான் பாடணும்னு.

அசனம் தெரியும்ல சார்? வருசத்துக்கு ஒருக்கா கோயில்ல சமைச்சு ஊரே உக்காந்து சாப்பிடுத பண்டிகை. சாதி மதம் இல்லாம எல்லாரும் வருவாங்க. பந்திக்கு முன்னாடி பந்தல்ல பாட்டு. அதுல நான் வாசிக்காம இருந்ததே கெடையாது. என் தம்பி செத்த வருசமும் வாசிச்சேன். அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல சார். எனக்கே கேக்காத கிட்டாரு ஊருக்கெல்லாம் குத்துதுன்னா, எவன் நம்புவான்? இம்மானுவேல் சாரோட மச்சினன் மகன் ஒருத்தன் புதுசாக் கிட்டார் வாங்கியிருக்கான். எனக்கு வெவரம் புரிஞ்சு போச்சு. எடத்தக் காலி பண்ணச் சொல்லுதாங்க.

ஜெபசிங்ட்டப் போயிச் சொன்னேன். அழுதுட்டேன்னு வச்சுக்கிடுங்க. அவன், கிட்டார ஒரு நாள் எங்கிட்ட விட்டுட்டுப் போ, உள்ள வயரிங்க ஒழுங்கு பண்ணித் தாரேன்னான். விட்டுட்டு வந்தேன். மறுநாள் குடுத்தான். இப்ப சரியாருக்கும்னான்.

அதுக்குப் பெறகு நடந்தத நீங்க நம்ப மாட்டீங்க. கோயில்ல ஒருத்தரும் ஒரு வார்த்தை குத்தம் சொல்லல. இம்மானுவேல் சாரு எங்கிட்ட வந்து, ஆசீர், தேன் மாதிரி இருக்குன்னு கையப் பிடிச்சுக் குலுக்குதாரு. எங்க போதகர நாங்க ஐயர்னுதான் சொல்லுவோம், ஐயரம்மா வந்து, அண்ணே, கண்ணுல தண்ணி வந்துட்டுன்னு சொல்லுதாங்க. எல்லாரும் பாராட்டுதாங்க. ஆனா எனக்குக் கிட்டாரு செத்துப் போச்சு சார். முன்னால கம்பளின்னா இப்ப மண்ணுக்குள்ள பொதச்ச மாதிரி. விரலு எங்க இருக்குன்னு பாத்துப் பாத்து வாசிக்கேன். அடிச்ச சுரம் வந்துச்சா வரலையான்னு பக்கத்துல பாடுறவன் மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சுக்கிடுதேன். வாசிச்சு முடிச்சா எல்லாரும் தேனுங்காங்க. எனக்கு நாக்குல ஒட்டல.

பொறுக்க முடியாம, அசனத்துக்கு மொத நாளு பின்பக்கத் தகட்டக் கழத்திப் பாத்தேன். வயருக்கு எடையில ஒரு சின்ன சாமான் உக்காந்திருக்கு. துவரம்பருப்பு சைஸ்ல, மஞ்சளா. நான் வைக்கச் சொல்லாதது. அத முன்னால நான் பாத்ததே இல்ல. ஜெபசிங் சால்டர் வச்ச அழகு வச்சுதான் அது அவன் வேலைன்னு கண்டுபிடிச்சேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் டிவி ரிப்பேர் பண்ணுதவர் ஒருத்தரு இருக்காரு. அவர்ட்ட காட்டுனேன். கன்டென்சர் அண்ணாச்சி, ஃபேன்ல இருக்குமே அதோட குட்டி, கூர்மையான சத்தத்த எர்த்து வழியா மண்ணுக்கு அனுப்பிரும்னாரு.

எனக்குத் தலை சுத்திருச்சு சார். நான் மூடியக் கழத்தி, காந்தத்த மாத்தி, ஒவ்வொரு துளியாச் சத்தத்தச் சேத்துட்டு வாரேன். அவன் எனக்குத் தெரியாம உள்ள கைய விட்டு எல்லாத்தையும் உருவி எடுத்துட்டான். எவனோ செஞ்சா கூட மனசு ஆறிரும். ஜெபசிங் செஞ்சிருக்கான். என் மக ஞானஸ்நானத்துக்கு அவந்தான் சாட்சி நின்னான். இவ்வளவு நாளும் எதுத்தாப்ல உக்காந்து, எப்படி இருக்கு ஆசீர், நல்லாருக்கான்னு கேட்டான் சார். கேட்டுட்டு என் பதில அவ்வளவு கவனமாக் கேட்டான்.

ரூபி ஒண்ணும் சொல்ல வேண்டாம்னா. அவன் நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பான்னா. நகம் வெட்டுதத எடுத்து அந்தப் பருப்ப ஒரே வெட்டா வெட்டிட்டேன். யார்ட்டயும் சொல்லல.

மறுநாள் பந்தல் நெறஞ்சு கெடக்கு. கறிக்கொழம்பு வாசம் வருது, பிள்ளைங்க எலை முன்னாடி எடம் பிடிக்க ஓடிட்டு இருக்கு. நான் போயி மேடையில நின்னேன். டோன் திருகு, வால்யூம் திருகு, எல்லாம் முழுசாத் தெறந்தாச்சு. இம்மானுவேல் சாரு கையத் தூக்குனாரு, ஆரம்பிச்சேன். ரொம்ப நாளைக்குப் பெறகு சார், லேசா, ரொம்பத் தூரத்துல வாரமாதிரி, அந்தப் பழைய ‘டங்’கு எனக்குக் கேட்டுச்சு. கண்ண மூடிட்டேன். இன்னும் நல்லாக் கேக்கட்டும்னு கைய அழுத்தி வாசிச்சேன்.

கண்ணத் தெறந்து பாத்தா, முன்வரிசையில இருக்க பிள்ளைங்க எல்லாம் காதப் பொத்திட்டு இருக்குதுங்க. ஒரு கைப்பிள்ளை வாயப் பொளந்து அழுது, அது அழுத சத்தம் எனக்கு வரல, வாய் மட்டும் தெரியுது. காதுல மிஷின் வச்சிருக்க பொன்னுத்தாயி அக்கா அதக் கழத்தி மடியில வச்சுட்டாங்க. பாடுத பிள்ளைங்க ஒண்ணொண்ணா நிறுத்திட்டு. இம்மானுவேல் சாரு எனக்கு நேர கைய இப்படிப் பரத்திக் காட்டுதாரு, நிறுத்து நிறுத்துன்னு. மிக்ஸர்கிட்ட ஜெபசிங் நிக்கான். அவன் ஒரு விரலால என் சத்தத்தக் கீழ இழுத்தான். நான் பாத்தேன். அவனும் நான் பாத்தத பாத்தான். அப்படியே இழுத்தான், கடைசி வரைக்கும். ஒண்ணுமே இல்லாம ஆயிட்டு. நான் வயரப் பிடுங்கிட்டு, கிட்டாரத் தோள்ல மாட்டிட்டு, பந்தி நடுவுல நடந்து வீட்டுக்கு வந்துட்டேன். அன்னைக்கு அசனச் சோறு நான் சாப்பிடல. ரூபி ஒரு வாளியில வாங்கிட்டு வந்தா. தொடல.

மறுநாள் காலையில ஜெபசிங் வந்தான். நீங்க உக்காந்திருக்கீங்கள்ல, அதே சேர்லதான் உக்காந்தான். நான் கத்துனேன். என் கிட்டாருக்குள்ள எதுக்குலே கைய வச்சன்னு கேட்டேன். துரோகின்னேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், அதெல்லாம் உங்கள்ட்டச் சொல்ல முடியாது. அவன் எல்லாத்தையும் கேட்டுட்டு, எனக்கு நல்லாக் கேக்கணும்னு கிட்ட வந்து, மூஞ்சிக்கு நேர நின்னு சொன்னான்.

“கிட்டாருல ஒண்ணுமில்லலே ஆசீர். எல்லாருக்கும் கேக்குது. ஒனக்குத்தான் கேக்கல.”

ரூபி அந்தா அந்தக் கதவுகிட்ட நின்னா. அவ இல்லன்னு சொல்லுவான்னு பாத்தேன். தரையப் பாத்துட்டு நின்னா.

“வெளிய போலே”ன்னேன். போயிட்டான். அதுக்குப் பெறகு இந்த வாசப்படி மிதிக்கல. நானும் கூப்பிடல. கோயிலுக்குப் போனா அவன் இருக்க பக்கம் பாக்குறதில்ல. பாட்டு நடக்கும்போது, இம்மானுவேல் சாரோட அந்த மச்சினன் மகன் வாசிக்கான். எப்படி வாசிக்கான்னு எனக்குச் சொல்லத் தெரியல சார். கேட்டாத்தான சொல்லலாம். அவன் கிட்டாருலயும் மூடி போட்டிருக்கு, அதான்.

இந்தாங்க, காப்பி வந்துட்டு. எடுத்துக்கிடுங்க. சீனி போதுமா? இவ என்னமோ சொல்லுதா. என்னமா? ஆங், ஆஸ்பத்திரிக்குப் போனத சொல்லச் சொல்லுதா. அதையும் சொல்லிருதேன், மறைக்கிறதுக்கு என்ன இருக்கு.

பிரிசில்லா வந்து திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போனா, காது டாக்டர்ட்ட. ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள்ள உக்கார வச்சு, காதுல ஹெட்போன மாட்டி, கையில ஒரு பட்டனக் குடுத்தாங்க. சத்தம் வரும்போது அமுக்கணுமாம். வந்தாத்தான சார் அமுக்க முடியும்? மொதல்ல நாலஞ்சு வந்துச்சு, அமுக்குனேன். பெறகு ஒண்ணையும் காணோம். ஹெட்போன் வயர் லூஸா இருக்கும், பாருங்கன்னு அந்தப் பிள்ளைக்குச் சைகை காட்டுனேன். அவ சிரிச்சுட்டு, இல்ல தாத்தா, வந்துட்டேதான் இருக்குன்னா. டாக்டரு என்னடான்னா, மேல்சத்தம் எல்லாம் போயிட்டு, மில்லுல ரொம்ப வருசம் இருந்துருக்கீங்க, மெல்ல மெல்லப் போயிருக்கும், காதுல மிஷின் வைக்கணும்னு சொல்லுதாரு. அவருக்கு முப்பது வயசு கூட இருக்காது. மில்லு எப்படி இருக்கும்னு பாத்திருப்பாரா? அந்தச் சத்தத்துலயே பேரிங் எதுன்னு சொன்னவன் நான். பிரிசில்லா பஸ்ல வரும்போது அழுதா. எதுக்கு அழுதான்னு தெரியல, அவ பேசுனது வெளங்கல.

வீட்டுக்கு வந்து அந்தக் கோவத்துலதான் வாட்ஸப்புல போட்டேன், கிட்டார் விக்கிறேன்னு. பேரு தெரியாத ஊர்க்காரங்க யாராவது எடுத்துட்டுப் போனாப் போதும்னு இருந்துச்சு. நீங்க ஃபோன் பண்ணுனீங்க.

இருங்க, இப்ப உங்களுக்கு வாசிச்சுக் காட்டுதேன். நீங்க அமைதியாக் கேட்டுட்டு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ரூபி, அந்த சுவிட்ச போடு. ஆம்பு அதே எடத்துலதான் இருக்கு. எல்லாம் முழுசாத் தெறந்திருக்கு. கேளுங்க.

…

பாத்தீங்களா. நீங்க ஒண்ணும் சொல்லல. ஆனா கண்ணச் சுருக்குனீங்க. தோளு மேல போச்சு. காப்பி டம்ளர கீழ வச்சீங்க. பந்தல்ல இருந்த மூஞ்சி எல்லாத்தையும் நான் பாத்துருக்கேன் சார், எனக்குத் தெரியும்.

ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லணும். நீங்க ஜெபசிங்கப் பாத்துருக்கீங்களா? டெலிபோன்ஸ் ஜெபசிங். இல்லியா? இம்மானுவேல் சாரத் தெரியுமா? எங்க கோயிலுக்கு எப்பவாவது வந்துருக்கீங்களா? ரூபி வகையில உங்களுக்கு யாரும் சொந்தம்… இல்ல. நீங்க கயத்தாறு. உங்கள யாரும் அனுப்பி வைக்கல. நாந்தான் ஃபோன்ல அட்ரஸ் சொன்னேன்.

சரி.

இந்தத் திருகு இருக்குல்லா, இதுதான் டோன். இதக் கொறச்சா கூர்மை மட்டும் கொறையும். நான் இதத் தொட்டதே கெடையாது, தொட விட மாட்டேன் யாரையும். இப்பக் கொறைக்கேன். நான் ஒரே கம்பியத் தட்டிட்டு இருக்கேன். உங்களுக்கு எந்த எடத்துல சரியாருக்கோ அங்க கையக் காட்டுங்க. நான் உங்க மூஞ்சியப் பாக்க மாட்டேன், கைய மட்டும் பாக்குதேன்.

இங்கயா? இன்னும் கீழயா? இந்தா. இன்னுமா? …இங்க? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இங்கதான?

இங்க எனக்கு ஒண்ணுமே இல்ல சார். கம்பி அதிர்றது விரல்ல தெரியுது, அவ்வளவுதான். இத நீங்க நல்லாருக்குன்னு சொல்லுதீங்க. ரூபி, நீ என்ன சொல்லுத? தலைய ஆட்டாத, வாயால சொல்லு. நல்லாருக்கா. இவளும் நல்லாருக்குங்கா.

கோவிச்சுக்கிடாதீங்க சார். கிட்டார இன்னைக்குத் தர முடியாது. வெயில்ல வந்த ஆள வெறுங்கையோட அனுப்புறது எனக்கே சங்கடமாத்தான் இருக்கு. உங்க மகளுக்கு நல்ல கிட்டாரு மதுரையில எடுக்கலாம், நானே கூட வாரேன். மூடி போட்டதா எடுத்துக்கிடுங்க.

திருகுல கொறச்சு வச்சாப் போதாதான்னு கேக்கீங்க. போதாது சார். பாட்டு சூடு பிடிக்கும்போது என் கை தன்னால கூட்டிரும், என் கையப் பத்தி எனக்குத் தெரியும். அந்தப் பருப்பு மாதிரி ஒண்ண உள்ள வச்சு மூடிட்டா கைக்கு எட்டாது.

நீங்க திரும்பிப் போகும்போது என்ன வழியில ஒரு எடத்துல எறக்கி விடுவீங்களா? கிட்டாரும் கூட வரும், நடுவுல வச்சுக்கிடலாம். தூரமில்ல, தண்ணி டேங்குக்கு அடுத்த தெரு. ஆமா, ஜெபசிங் வீடுதான். நான் அவன்ட்ட மன்னிப்புக் கேக்கப் போறேன்னு நெனச்சிராதீங்க சார். சால்டரிங் அயர்ன் அவன்ட்டதான இருக்கு.